லஸ்கர் பதில் சொல்லாத அப்பீல்

பந்து போடும் அணி கேட்காமல் அம்பயர் யாருக்கும் அவுட் கொடுக்கக் கூடாது. கேட்டுவிட்டாலோ, பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. கிரிக்கெட் சட்டப் புத்தகத்தில் இது எத்தனையாவது விதி என்று நான் சொல்லப் போவதில்லை. பதிப்புக்குப் பதிப்பு எண்ணை மாற்றிவிடுகிறார்கள். அரசாணைகளோடு காலம் தள்ளியவனுக்கு அதில் வியப்பும் இல்லை. சாரம் மாறவில்லை. ஆம் அல்லது இல்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்ற மூன்றாவது பதில் கிரிக்கெட்டில் கிடையாது. அது நம் நாட்டில் பிறந்த விளையாட்டு அல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எங்கள் ஊரில் ஒரு கோடையில் அந்த விதி மீறப்பட்டது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே டி.வி.யில் இரவு ஆட்டம் பார்க்கிற நம் வயதுக்காரர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாவது அம்பயர், நான்காவது கேமரா என்று இப்போது எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு லஸ்கர்.

ஊர் குடவாசலுக்குக் கிழக்கே. காவிரியின் கிளைக்குக் கிளையாக ஓர் ஆறு, அதன் தென்கரையில் நாங்கள், வடகரையில் அவர்கள். மாசியில் தண்ணீர் நின்றுவிடும். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, எங்கள் பக்கம் தண்ணீர் வந்து சேர ஆனி ஆகிவிடும். இடைப்பட்ட மாதங்களில் வயலில் விளையாடலாமே என்று நகரத்துக்காரர்கள் கேட்பார்கள். அறுப்புக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள், ஐயா. உளுந்துச் செடியை மிதித்தவன் கால் வீடு திரும்பாது. ஆகவே எங்களுக்கு மிஞ்சியது காய்ந்த ஆறுதான்.

ஆற்றுக்குக் குறுக்கே, தண்ணீரைத் தடுத்துத் திறக்கும் ஷட்டர்கள் வைத்த ஒரு ரெகுலேட்டர் பாலம் உண்டு. அதன் கீழ்ப்புறம் எங்கள் மைதானம். வெறும் மணலில் பந்து எழும்பாது என்பதால் பிட்ச் போட வேண்டும். தென்கரை களிமண் கொண்டுவரும், வடகரை சாணி கொண்டுவரும். எங்கும் எழுதப்படாத, ஒருவரும் மீறாத ஒப்பந்தம் அது. மணலில் ஊற்றுத் தோண்டி, அந்தத் தண்ணீரை விட்டு மிதித்து, பரப்பி, தென்னை மட்டையால் தட்டிக் காயவிடுவோம். மாலையில் அதன்மேல் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்காலில் ஒரு குளிர்ச்சி ஏறும். சாணியும் களியும் ஊற்று நீரும் சேர்ந்த அந்த வாசனையை இன்றைக்கு எந்தப் புட்டியிலும் அடைத்து விற்பதாகத் தெரியவில்லை. ஆனியில் ஆறு வந்து முழுப் பிட்சையும் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோகும். ஆண்டுதோறும் மைதானத்தை ஒப்படைத்துவிட்டு, மறு ஆண்டு புதிதாகப் போட்டுக்கொண்ட அணிகள் நாங்கள்.

யாருக்கு என்ன வேலை என்பது திறமையைப் பார்த்து முடிவானதல்ல. நியமனங்கள் எங்கும் அப்படித்தான். களிமண் ஏற்றிவரும் மாட்டுவண்டி யார் வீட்டுடையதோ அவன் கேப்டன். மளிகைக் கடை பாய் மகன் கார்க் பந்தை அவன் அத்தா கடையிலிருந்து கொண்டுவருவான். அதைவிட முக்கியம், அவன் மூச்சை இழுத்துக் கத்தினால் வடகரையில் கட்டியிருக்கும் மாடு திரும்பிப் பார்க்கும். அவனுக்குத் தொண்டை என்று பெயர். எனக்குப் பந்து என்றால் பயம், எழுத்தென்றால் துணிவு. எனவே ரெகுலேட்டர் தூணில் அடுப்புக்கரியால் ஸ்கோர் எழுதும் வேலை எனக்கு. அந்தத் தூணில் எத்தனை அடி தண்ணீர் என்று அளக்கும் கோடுகள் வரைந்திருக்கும். அதற்குக் கீழே எங்கள் ரன்கள்.

விக்கெட் கீப்பர் வேலை யாருக்கும் வேண்டாம் என்று மிச்சம் விழுந்தது. கார்க் பந்து கல் மாதிரி வரும். அதை ஏற்றுக்கொண்டவன் மட்டை பிடிக்கவும் தெரியாத, பந்து போடவும் தெரியாத ஒரு சாது. அவனுடைய அக்கா பழைய சணல் சாக்கை வெட்டி, உள்ளே இலவம்பஞ்சு அடைத்து, அவனுக்கு ஒரு ஜோடி கையுறை தைத்துக் கொடுத்திருந்தாள். பஞ்சு போதாமல் போனபோது தன் தலையணையைப் பிரித்துப் போட்டாள். அந்தக் கோடை முழுவதும் அவள் தலைக்கு மடித்த பாவாடையை வைத்துப் படுத்தாள் என்பது எங்கள் அணியில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையுறைக்குள் பந்து போகும். மறு விநாடி சாக்கிலிருந்து எலி வருவதுபோல வெளியே வந்துவிடும். அவ்வளவு பெரிய கோடையில், கடைசி ஆட்டம்வரை, அவன் ஒரு கேட்ச்கூடப் பிடிக்கவில்லை.

இனி லஸ்கர். ரெகுலேட்டரில் ஷட்டர் ஏற்றி இறக்கும் அரசு ஊழியருக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். காக்கி அரைக்கால் சட்டையும், தோளில் ஷட்டர் சுற்றும் இரும்புக் கைப்பிடியுமாக நடப்பார். எங்களுக்குக் கிழவராகத் தெரிந்தார். இப்போது கணக்குப் பார்த்தால் அவருக்கு அன்று முப்பது வயதுகூட ஆகியிருக்காது. தண்ணீர் குறைந்த காலத்தில் அவர்தான் முறை வைத்து விடுவார்: சில நாள் வடகரை வாய்க்காலுக்கு, சில நாள் தென்கரை வாய்க்காலுக்கு. மற்ற ஊர்களில் முறைத் தண்ணீருக்கு மண்வெட்டியால் மண்டை பிளந்துகொண்டார்கள். எங்கள் இரு கரையிலும் அது நடக்கவில்லை. "கழுகுக் கண்ணுய்யா அவருக்கு. அங்கேருந்தே எத்தனை அடி தண்ணின்னு சொல்லிப்புடுவாரு" என்று பெரியவர்கள் மெச்சுவார்கள்.

அம்பயர் வேண்டும் என்றபோது இரு கரையும் ஒரே மனதாக அவரைக் கைகாட்டியது அதனால்தான். தண்ணீரைப் பங்கு வைக்கத் தெரிந்தவருக்குக் கிரிக்கெட்டும் தெரியும் என்று முடிவு கட்டுவது ஆற்றுப் பாசனக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. அவரும் மறுக்கவில்லை. கைப்பிடியை மணலில் ஊன்றி, அதன்மேல் சாய்ந்து நிற்பார். கேட்டால் விரலைத் தூக்குவார், அல்லது இல்லை என்று தலையை ஆட்டுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கேப்டன்தான் கண்டுபிடித்தான். ஓர் ஆட்டத்தில் தோற்றுவிட்டு ஊற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"டேய், லஸ்கரு தண்ணி விடுற மாதிரியே விக்கெட் விடுறாருடா."

"என்னடா சொல்ற?"

"மொதல்ல கேட்டோம், அவுட்டு. அடுத்து ஸ்டம்பே எகிறுனாப்புல ரன் அவுட்டு, இல்லன்னுட்டாரு. அப்புறம் ஒண்ணுமே இல்லாத பந்து, விரலத் தூக்கிட்டாரு. பந்து எங்க போச்சுன்னு அவரு பாக்கவே இல்ல. ஒண்ணு நமக்கு, ஒண்ணு அவனுங்களுக்கு. முறை வச்சுக் குடுக்குறாரு."

நாங்கள் வாயிலிருந்த தண்ணீரை விழுங்கினோம். யோசித்துப் பார்த்தால் பிசகில்லை. அவுட், இல்லை, அவுட், இல்லை. ஷட்டர் ஏறுவதும் இறங்குவதும்போல.

அன்றிலிருந்து எங்கள் அணியில் ஒரு புதிய பதவி உருவானது: வெட்டி அப்பீல். லஸ்கர் ஒரு அவுட் கொடுத்துவிட்டால் அடுத்தது 'இல்லை' என்று தெரியும். அந்த 'இல்லை'யை வீணடிக்க, ஒன்றும் இல்லாத பந்துக்குத் தொண்டை சும்மா கத்துவான். லஸ்கர் தலையை ஆட்டுவார். முறை எங்களுக்குத் திரும்பும். அதன் பிறகு உண்மையான அவுட்டைக் கேட்போம். பந்து எல்லையைத் தாண்டி ஓடும்போது தொண்டை "ஹவ்ஸ் தட்!" என்பான். மட்டைக்காரன் இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டும்போது "ஹவ்ஸ் தட்!" என்பான். லஸ்கர் ஒவ்வொன்றுக்கும் முகம் மாறாமல் தலையை ஆட்டுவார்.

அந்த வேலையைத் தொண்டையைத் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது என்பது கேப்டன் உத்தரவு. இரண்டு பேர் கத்தினால் முறை குழம்பிவிடும் அல்லவா? ஆளுக்கொரு வேலை, அடுத்தவன் வேலையில் கை வைக்காதே. பின்னாளில் நான் பணிபுரிந்த எல்லா அலுவலகங்களும் இந்தக் கொள்கையால்தான் நின்றன, நகராமல் நின்றன.

வடகரைக்காரர்களும் நாங்கள் மட்டை பிடிக்கும்போது கண்டதற்கெல்லாம் கத்தினார்கள். பாவம், விதி தெரியாத பயல்கள் என்று நாங்கள் சிரித்தோம்.

மேட்டூர் திறந்தாயிற்று என்று ரேடியோ சொன்னது. தண்ணீர் கும்பகோணம் தாண்டிவிட்டது, இல்லை, இன்னும் பாபநாசமே வரவில்லை என்று கடைத்தெருவில் ஆளுக்கொரு செய்தி. எது எப்படியோ, அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அது. அதற்கு முதல் நாள் கேப்டன் கீப்பரை அழைத்தான்.

"மில்லுக்காரரு தங்கச்சி மவன் திருச்சிலேருந்து இங்க படிக்க வர்றானாம். நெசத் தோல் கிளவுஸு வச்சிருக்கானாம்."

கீப்பர் சாக்குக் கையுறையை மடியில் வைத்திருந்தான்.

"நாளைக்கு ஒரு கேட்ச்சு. ஒண்ணே ஒண்ணு. இல்லன்னா அடுத்த வருஷம் நீ ஊத்துத் தண்ணி மொண்டு குடு."

"புடிப்பேன்டா."

"எத, சளியா?" என்றான் தொண்டை. எல்லோரும் சிரித்தோம். கீப்பரும் சிரித்தான். ஆனால் கையுறையின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். அணியில் அவனுக்கு வேறு இடம் கிடையாது. வேறொருவன் அங்கே நின்றால், பிரிந்துபோன தலையணைக்கு அவன் அக்காவிடம் என்ன சொல்வான்?

ஆட்டத்தன்று இரண்டு கரையிலும் கூட்டம். நுங்கு சீவும் சத்தம். நாங்கள் முதலில் ஆடி முடித்தோம். வடகரைக்கு ஒரே விக்கெட் பாக்கி, இரண்டு ரன் வேண்டும். மட்டை பிடித்து நின்றவன் அவர்களுடைய கேப்டன். பூவரச மரத்தில் செதுக்கிய மட்டை, அரும்பு மீசை, எங்கள் பக்கத்துப் பெண்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு, எல்லாம் உண்டு.

அதற்கு முந்தைய அப்பீலுக்கு லஸ்கர் எங்களுக்கு அவுட் கொடுத்திருந்தார். ஆகவே அடுத்தது 'இல்லை'. அதை வீணடித்தாக வேண்டும். பந்து போடப் போன எங்கள் கேப்டன் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறினான். அது தொண்டைக்குச் சைகை. ஒன்றுக்கும் உதவாத ஒரு பந்தை வெளியே தள்ளிப் போடுவான், தொண்டை கத்துவான், லஸ்கர் தலையாட்டுவார், அடுத்த பந்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பந்து சொன்னபடியே விலகித்தான் போனது. யாரும் தொடத் தேவையில்லாத பந்து. ஆனால் வடகரைக் கேப்டன் அதை ஓங்கி விளாசப் போனான். என்ன நடந்தது என்று எனக்குத் தூணருகிலிருந்து சரியாகத் தெரியவில்லை. 'பொத்'தென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கீப்பர் இரண்டு கையையும் மார்போடு அணைத்து மணலில் குப்புற விழுந்தான். எழுந்தபோது பந்து கையுறைக்குள்ளேயே இருந்தது.

ஒருவரும் கத்தவில்லை. கத்த வேண்டியவன் தொண்டை. அவன் வாயில் ஒரு முழு நுங்கு.

கேப்டனுக்கு மூளை வேகமாக ஓடியது. முதலில் தொண்டை எதற்காவது கத்தட்டும், 'இல்லை' தீர்ந்துவிடும். உடனே கேட்ச்சைக் கேட்டால் அவுட். அடுத்த பந்து போடும்வரை கேட்கலாம், விதியிலும் இடம் இருக்கிறது. "பொறுடா! பொறு! மொதல்ல அவன் கத்தட்டும்!" என்று கீப்பரைப் பார்த்துக் கையை ஆட்டினான். தொண்டை நுங்கை விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல் கண்ணை உருட்டினான்.

கீப்பர் பொறுக்கவில்லை. வாழ்நாளில் முதல் கேட்ச். "ஹவ்ஸ் தட்!" என்று கத்தினான். உடைகிற வயதுக் குரல். பாதி கரகரப்பு, பாதி கீச்சு. அந்தக் குரல் அவனிடம் இருப்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

"பந்து மட்டையில படவே இல்ல!" என்றான் வடகரைக் கேப்டன்.

லஸ்கர் கைப்பிடியிலிருந்து நிமிர்ந்தார். வலது கை இடுப்புவரை உயர்ந்தது. அங்கேயே நின்றது. அந்த நேரத்தில்தான் ரெகுலேட்டர்மேல் ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான்.

"லஸ்கரே! தண்ணி வந்துடுச்சு! மேல வந்து நிக்கிது!"

லஸ்கர் கைப்பிடியைத் தோளில் போட்டார். ஓடினார். பதில் சொல்லவில்லை.

"யாரும் நகராதீங்கடா! ஆட்டம் முடியல!" என்று எங்கள் கேப்டன் கத்தினான். பதினொரு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். நான் பன்னிரண்டாவது ஆளாகத் தூணருகில். மேலே ஷட்டர் கிறீச்சிட்டது. தண்ணீர் அருவியாகக் கொட்டும் என்று நினைப்பீர்கள். புதுத் தண்ணீர் அப்படி வராது. பழுப்பு நுரையை முன்னால் தள்ளிக்கொண்டு, சருகு, பிய்ந்த செருப்பு, உயிர் பிழைக்க ஓடும் எறும்பு எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு, நாக்கு நீட்டி மணலை நக்கியபடி மெதுவாக வரும். மணல் உஸ்ஸென்று குடிக்கும். சூட்டு மண் நனைந்த மணம் வயிற்றுக்குள் போகும். கரையில் பெண்கள் குலவையிட்டார்கள். எல்லையில் நின்றவன் முதலில் கரையேறினான், பிறகு ஒவ்வொருவராக. ஸ்டம்புகள் சாய்ந்து மிதந்தன. நான் எழுதிய ஸ்கோர் அடிவரிசையிலிருந்து அழிந்துகொண்டே வந்தது.

இரண்டு பேர் மட்டும் நகரவில்லை. போனால் அவுட் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மட்டையோடு வடகரைக் கேப்டன். போனால் பிடிக்கவில்லை என்றாகிவிடும் என்று பந்தோடு கீப்பர். முழங்காலுக்கு மேல் தண்ணீர். பஞ்சுக் கையுறை நனைந்து பூசணிக்காய் கனம் கனத்தது.

கரையிலிருந்து கீப்பரின் அக்கா கத்தினாள்: "நில்லுங்க! ரெண்டு பேரும் நாகப்பட்டினம் வரைக்கும் மெதந்துக்கிட்டே போய்ப் பேசி முடிங்க! எனக்கென்ன வந்துது!"

வடகரைக் கேப்டன் திரும்பிப் பார்த்தான். சிரித்துவிட்டான். கீப்பரின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு தென்கரையில், எங்கள் கரையில், ஏறினான். ஏன் அந்தக் கரையில் ஏறினான் என்பது சில ஆண்டுகள் கழித்து எல்லோருக்கும் விளங்கியது.

அந்தக் கேட்ச்சில் கீப்பரின் இடது சுண்டுவிரல் மடங்கிப்போனது. குடவாசல் வைத்தியர் எண்ணெய்க் கட்டுப் போட்டார். அது இன்றுவரை நிமிரவில்லை.

அடுத்த மாசியில் ஆறு காய்ந்தது. தோல் கையுறை வந்து சேர்ந்திருந்தது, அதனுள் மில்காரர் தங்கை மகனும். கேப்டன் ஆளை மாற்றப்போனான். கீப்பர் சாக்குக் கையுறையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஊற்றுப் பக்கம் நடக்கத் தொடங்கினான். அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

என் அப்பா வக்கீல் குமாஸ்தா. பந்தைத் தொட்டவன் உருப்பட மாட்டான் என்பது அவர் தீர்மானம். சாப்பிடும்போது வாய்தா, ஸ்டே, நிலுவை என்று அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் என் காதில் விழுந்து எங்கே போய்ச் சேர்ந்தன என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

"கேஸு நிலுவையில இருக்கறப்ப ஆள மாத்தக் கூடாது" என்றேன்.

"எந்தக் கேஸுடா?"

"போன வருஷம் கேட்ட அப்பீலுக்கு அம்பயர் பதில் சொல்லல. புடிச்சான்னும் ஆகல, புடிக்கலன்னும் ஆகல. தீர்ப்பு வர்ற வரைக்கும் இருக்குறவன் இருக்குற எடத்துலயே இருக்கணும். அதான் சட்டம்."

"அப்ப லஸ்கரப் போய்க் கேட்டுட்டு வா."

"அவர மாத்திட்டாங்க. வேற செக்‌ஷன்."

கேப்டன் மணலைக் காலால் கிளறினான். சட்டம் என்ற சொல்லுக்கு அந்த வயதிலும் அவனுக்கு ஒரு பயம் இருந்தது. கீப்பர் திரும்பி வந்தான். தோல் கையுறைக்காரன் அதைக் கழற்ற மனமில்லாமல் அந்தப் பருவம் முழுவதும் தோல் கையுறையோடு எல்லைக்கோட்டில் நின்றான். லஸ்கர் போனபின் வந்த அம்பயர்கள் முறை வைக்கவில்லை, தொண்டையின் பதவி காலாவதியாயிற்று. எங்கள் அணி கலைகிறவரை கீப்பரை யாரும் அசைக்க முடியவில்லை. பின்னாளில் நன்றாகவே பிடித்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தத் தீராத வழக்கே அவனுக்கு முள்ளாயிற்று. வடகரைக் கேப்டன் கீப்பரின் அக்காவைக் கட்டிக்கொண்டு அவனுக்கு மச்சான் ஆனார். கல்யாணப் பந்தியிலேயே ஆரம்பித்தார்: "இலைய இந்தப் பக்கம் போடுங்க, ஸ்டே ஆர்டர் கீப்பர் வர்றாரு." காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எதுவும் அந்த வழக்கு இல்லாமல் நடந்ததில்லை. கீப்பர் அக்காவிடம் கேட்பான்: "நீ கரையிலதானே நின்ன. அவுட்டா இல்லையா, சொல்லு." அக்கா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்வாள்: "நான் ரெண்டு வீட்டுலயும் சோறு திங்கணும்டா."

ஒருமுறை தனியே இருந்தபோது கீப்பர் என்னிடம் சொன்னான். பேரன் எடுத்த வயதில். "நான் புடிச்சதாலயா நின்னேன், நீ பேசுனதாலயா நின்னேன்? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்." எனக்கு என் வாதத் திறமைமேல் பெருமை உண்டு. அன்றைக்கு அதை வெளியே எடுக்கவில்லை.

இந்த ஆண்டு கும்பகோணத்தில் ஒரு கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து ஆளிடம் ஊர்ப் பேச்சுப் பேசினேன். ஊர்ப்பெயரைக் கேட்டதும், "ரெகுலேட்டர் இன்னும் இருக்காப்பா?" என்றது குரல். கண்ணைத் திறந்தால் மங்கலாக ஒரு முதியவர், அங்கே ஷட்டர் சுற்றியவராம். லஸ்கர். இப்போது தாராசுரத்தில் மகளோடு இருக்கிறாராம். நான் கேள்வியைக் கேட்கவில்லை. மனுதாரரும் எதிர்மனுதாரரும் இல்லாமல் விசாரணை நடத்துவது முறையல்ல. நாளும் முகவரியும் வாங்கிக்கொண்டேன்.

கீப்பர், மச்சான், அக்கா, நான், நால்வருமாகக் காரில் போனோம். அக்கா ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் படைத்த, வெல்லம் கலந்த காப்பரிசியை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். லஸ்கர் தடித்த கண்ணாடியோடு நாற்காலியில் இருந்தார். அம்பயர் வேலையைப் பற்றிப் பேச்செடுத்ததும் குலுங்கிச் சிரித்தார்.

"எனக்குப் பந்து எங்கப்பா தெரிஞ்சுது? சின்ன வயசுலேருந்தே தூரப் பார்வை கெடையாது. சொன்னா வேலைய விட்டுத் தூக்கிருவான்னு மூச்சு விடல. தண்ணிகூட சத்தத்த வச்சுத்தான் அளவு சொல்லுவேன். நீங்க எதுக்கெடுத்தாலும் கத்துவீங்க. ரெண்டு கரையும் எங்கிட்டத்தான் தண்ணிக்கு வரணும். ஒருத்தனுக்குக் கூடுதலாக் குடுத்துட்டா நாளைக்கு மடையில மம்பட்டி தூக்குவான். அதான், உனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு."

"அது எங்களுக்கும் தெரியும்ங்க" என்றார் மச்சான். "நாங்களும் வெட்டிக்குக் கத்திக் கத்தித்தானே முறையக் கழிச்சோம்."

கீப்பரும் நானும் அவரைப் பார்த்தோம். அப்படியானால் விதி தெரியாத பயல்கள் என்று நாங்கள் சிரித்தது! சரி, அதைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்வோம்.

கீப்பர் நாற்காலியை முன்னால் இழுத்தான். "தண்ணி வந்த அன்னிக்கு ஒரு கேட்ச்சுங்க. நான் கேட்டேன். நீங்க பதில் சொல்லாம போயிட்டீங்க."

லஸ்கர் தலையைச் சாய்த்து அந்தக் குரலைக் கேட்டார். "நீதானா அது? அந்தப் பருவம் பூரா எல்லாக் குரலும் கேட்ருக்கேன், அந்தக் குரல அதுக்கு முன்ன கேட்டதே இல்ல. பந்து சாக்குல விழுந்தா பொத்துன்னு கேக்கும். அன்னிக்கு அதுக்கு முன்னாடி டிக்குன்னு ஒண்ணு கேட்டுச்சு. மரத்துல பட்ட சத்தம்."

"அப்ப…" என்றான் கீப்பர்.

"அவுட்டுதான்."

"பின்ன ஏங்க விரலத் தூக்கல?" என்றார் மச்சான்.

"அதுக்கு முந்தினதத்தான் இவங்களுக்குக் குடுத்துட்டனே. அது உங்க முறை. அவுட்டுன்னா முறை தப்பும், இல்லன்னா பொய்யாயிடும். நல்லவேளை தண்ணி வந்துச்சு. ஷட்டருக்குப் பின்னால கொஞ்ச நேரம் நிக்கட்டும்னா நிக்கும்தான். நான்தான் ஓடிட்டேன்."

கீப்பர் வளைந்த சுண்டுவிரலை மற்றக் கையால் தடவிக்கொண்டே இருந்தான். மச்சான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி மாப்ளே, அவுட்டு" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "ஏன், உனக்கும் தெரியுமா?"

"கரையிலேருந்தே கேட்டுச்சே."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"அவன்தான் கேட்டுக்கிட்டே இருந்தான். நீங்க எப்ப கேட்டீங்க?" என்று சொல்லிவிட்டு லஸ்கர் கையில் காப்பரிசியை அள்ளி வைத்தாள்.

திரும்பும் வழியில் அரசலாற்றுப் பாலத்தில் கார் நின்றது. படித்துறையெல்லாம் பெண்கள் கூட்டம், மஞ்சள் கயிறு, வெல்ல வாசனை. ஆறு கரைதொட்டு ஓடியது. அங்கிருந்தே தொண்டைக்குத் துபாய்க்கு வீடியோவில் சொன்னோம், பேரப்பிள்ளைகள் அலறும்படி "ஹவ்ஸ் தட்!" என்றான். ஊரில் வயலில் நின்றிருந்த எங்கள் கேப்டனுக்கும் சொன்னோம். 

"புடிச்சது சரி" என்றார். "கத்துனது தப்பு. பொறுடான்னேன்ல."

கீப்பர் சிரித்தான், பாதி கரகரப்பும் பாதி கீச்சுமாக. ஆவணத்துக்காகக் குறித்துவைக்கிறேன். அப்பீல் செய்யப்பட்டது, ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த நாள். பதில் கிடைக்கப்பெற்றது, இவ்வாண்டு ஆடி பதினெட்டு.